மழுங்கிய கத்தி தந்த யோசனை!



வகுப்பில் உங்கள் நண்பன் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அறுத்தால் என்ன சொல்வீர்கள்? சரியான பிளேடு போடுகிறான் என்பீர்கள் இல்லையா? இன்று நாமும் உங்களுக்குப் பிளேடு போடப் போகிறோம். பயப்படாதீர்கள்! இது அந்த பிளேடு இல்லை. அப்பாவின் ஷேவிங் செட்டில் இருக்கிறதே, இரண்டு பக்கமும் கூராக, நடுவில் ஓட்டையோடு, காகிதம் போல மெல்லிசாக ஒரு பிளேடு... அதன் கதை!

அந்த பிளேடை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் கிங் கேம்ப் ஜில்லெட். கிங் என்றால் ராஜா. ஆனால், அவர் அரண்மனையில் பிறந்த ராஜா இல்லை. ஊர் ஊராகச் சாமான் விற்றுப் பிழைத்த சாதாரண விற்பனையாளர்!

எல்லாம் தீயில் போச்சு!

அமெரிக்காவில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம். அங்கே ஃபான்டு லாக் என்ற ஊரில் 1855ம் ஆண்டு, ஜனவரி 5ம் தேதி பிறந்தார் ஜில்லெட். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் சிகாகோ நகரத்துக்குக் குடிபோனது. அப்பாவுக்கு இரும்புச் சாமான் வியாபாரம். எதையாவது கழற்றி மாட்டி, புதிதாக ஏதாவது செய்துபார்ப்பது அப்பாவின் பொழுதுபோக்கு. பிள்ளைகளுக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அம்மா ஃபேனியும் லேசுப்பட்டவர் இல்லை. சமையல் குறிப்புகளைச் சேகரித்து, 1887ல் வெள்ளை மாளிகை சமையல் புத்தகம் என்று ஒன்றை வெளியிட்டார். பல ஆண்டுகள் சக்கைப்போடு போட்ட புத்தகம் அது.

1871ம் ஆண்டு அக்டோபர் மாதம் சிகாகோ நகரமே தீப்பற்றி எரிந்தது. சரித்திரத்தில் இடம்பெற்ற பெரிய தீ விபத்து அது. ஆயிரக்கணக்கான கட்டடங்கள் சாம்பலாயின. ஜில்லெட் குடும்பத்தின் வியாபாரமும் அதில் போச்சு! அப்போது ஜில்லெட்டுக்கு 16 வயது. அதன்பிறகு அவர் வேலைக்குப் போகவேண்டியதாயிற்று. இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்றார்.

பகலில் விற்பனை. ராத்திரியில் ஆராய்ச்சி. 1890ம் ஆண்டுக்குள் நாலு கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். காப்புரிமை என்றால் தெரியுமா? இது இன்னாருடைய கண்டுபிடிப்பு. குறிப்பிட்ட காலம் வரை வேறு யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று அரசாங்கம் தருகிற உரிமை. ஆனால், நாலு காப்புரிமை இருந்தும் பை நிறையப் பணம் வரவில்லை.

சோடா மூடி சொன்ன ரகசியம்!

1891ல் ஜில்லெட் ஒரு புதுக் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார். கலர், சோடா பாட்டில்களின் மேல் ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பாக ஒரு தகர மூடி இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் கூடச் சேர்த்து வைத்து விளையாடியிருப்பீர்கள். அந்த மூடியைக் கண்டுபிடித்தவர் வில்லியம் பெயின்டர். அவருடைய கம்பெனிதான் அது.

கோலி சோடாவில் கோலி, பாட்டிலுக்குள்ளேயே இருக்கும். திரும்பத் திரும்பப் பயன்படும். ஆனால், தகர மூடி அப்படி இல்லை. திறந்தவுடன் தூக்கி எறிய வேண்டியதுதான். அடுத்த பாட்டிலுக்குப் புது மூடி வேண்டும். எனவே, மூடி விற்றுக்கொண்டே இருக்கும்!

பெயின்டர் ஒருநாள் ஜில்லெட்டுக்கு ஒரு யோசனை சொன்னார். ஒருமுறை பயன்படுத்தியதும் மக்கள் தூக்கி எறிந்துவிட்டு, மறுபடியும் வாங்க வருகிற மாதிரி ஒரு பொருளைக் கண்டுபிடி என்றார். அவ்வளவுதான்! ஜில்லெட்டின் மண்டைக்குள் வண்டு புகுந்துவிட்டது. பார்க்கிற பொருளை எல்லாம் இது ஆகுமா, அது ஆகுமா என்று யோசிக்க ஆரம்பித்தார். வருடங்கள் ஓடின. ஒன்றும் சிக்கவில்லை.

கண்ணாடி முன்னால் ஒரு காலை!

1895ம் ஆண்டு. பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் புரூக்லைன் என்ற ஊரில் இருந்தார் ஜில்லெட். ஒருநாள் காலையில் சவரம் செய்துகொள்ளக் கத்தியை எடுத்தார். அது மழுங்கிக் கிடந்தது.

இங்கே அந்தக் காலத்துச் சவரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அன்று பெரும்பாலோர் பயன்படுத்தியது நீளமான சவரக் கத்தி. மடக்கி வைக்கலாம். விரித்தால் பளபளவென்று பயமுறுத்தும். கை கொஞ்சம் நடுங்கினாலும் கன்னத்தில் ரத்தம்தான்! அதுமட்டுமா? தினமும் அதைத் தோல் வாரில் முன்னும் பின்னும் தேய்த்துத் தீட்டவேண்டும். அப்படித் தீட்டியும் பயனில்லாமல் போனால் சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கவேண்டும். வசதியானவர்கள் சலூனுக்குப் போவார்கள். மற்றவர்கள் தாடியோடு அலைவார்கள், அல்லது முகத்தைக் கீறிக்கொள்வார்கள்.

முகத்தில் வெட்டாத பாதுகாப்பு ரேசர்கள் அப்போதும் சில இருந்தன. 1880ல் கேம்ப்ஃபி சகோதரர்கள் அமெரிக்காவில் அப்படி ஒன்றை விற்றார்கள். ஆனால், அதிலும் தடித்த கத்திதான். அதையும் கழற்றிக் கழற்றித் தீட்டவேண்டும். தொல்லை தீரவில்லை.

மழுங்கிய கத்தியோடு கண்ணாடி முன்னால் நின்ற ஜில்லெட் யோசித்தார். முடியை வெட்டுவது கத்தியின் ஓரம் மட்டும்தானே? முதுகுப் பக்கம் இவ்வளவு தடித்த இரும்பு எதற்கு? மெல்லிய எஃகுத் தகடு ஒன்றின் இரண்டு ஓரங்களையும் கூராக்கி, அதை ஒரு பிடிக்குள் மாட்டினால் என்ன? மழுங்கினால் தீட்டவே வேண்டாம். தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிக்கொள்ளலாமே!

ஆஹா! இத்தனை வருடம் தேடிய பொருள் கைக்குள்ளேயே இருந்தது!

உடனே கடைக்கு ஓடினார். பித்தளைத் துண்டு, சில அரங்கள், கடிகார ஸ்பிரிங் செய்கிற எஃகு நாடா என்று வாங்கி வந்து, ஒரு மாதிரி ரேசரைச் செய்துவிட்டார். ஒஹையோ மாநிலத்துக்குச் சென்றிருந்த மனைவிக்கு உற்சாகமாகக் கடிதமும் எழுதிவிட்டார், இனி நமக்குக் கவலையே இல்லை என்று!

ஆறு வருடப் போராட்டம்!

ஜில்லெட் ஒரு கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு எஃகு நாடா 16 சென்ட். அதில் 500 பிளேடு செய்யலாம். அப்படியானால் ஒரு பிளேடுக்கு ஆகிற இரும்புச் செலவு ஒன்றுமே இல்லை! கணக்கு அருமையாக இருந்தது. ஆனால், பிளேடுதான் வரவில்லை.

ஏன் தெரியுமா? எஃகைக் கூராக்கினால் மட்டும் போதாது. அந்தக் கூர் நிற்கவேண்டும். அதற்கு எஃகை நன்றாகச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கவேண்டும். தடித்த கத்தி என்றால் இது சுலபம். காகிதம் போன்ற தகட்டைச் சூடாக்கிக் குளிரவைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்துகொள்ளும்! நெளிந்த தகட்டில் எப்படிச் சவரம் செய்வது?

கத்தி செய்கிறவர்களிடம் கேட்டார். முடியாது என்றார்கள். புகழ்பெற்ற எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் கேட்டார். அங்கிருந்த நிபுணர்களும் கையை விரித்துவிட்டார்கள். நண்பர்களோ பார்க்கிறபோதெல்லாம், என்னப்பா உன் ரேசர் எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கிண்டல் செய்தார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் விட்டிருப்பார். ஜில்லெட் விடவில்லை. அவர் என்ஜினியரிங் படித்தவர் இல்லை. படித்திருந்தால் இது முடியாத காரியம் என்று தெரிந்து அன்றைக்கே விட்டிருப்பேன் என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னது உண்டு.

ஆனால் குட்டீஸ், ஒன்றைக் கவனியுங்கள். விடாமுயற்சி மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. ஆறு வருடம் முயன்றும் அவரால் தனியாக அந்த பிளேடைச் செய்ய முடியவில்லை. 1901ல் வில்லியம் நிக்கர்சன் என்ற என்ஜினியர் அவரோடு சேர்ந்தார். இவர் எம்.ஐ.டி.யில் படித்தவர். மெல்லிய எஃகை நெளியாமல் கடினமாக்கவும், கூராக்கவும் வழி கண்டு, அதற்கான மிஷின்களைச் செய்தவர் இவர்தான். யோசனை ஜில்லெட்டுடையது. அதை நிஜமாக்கிய கை நிக்கர்சனுடையது.

இதில் ஒரு வேடிக்கை! இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கம்பெனிக்கு வைக்க முடியவில்லையாம். காரணம், ஆங்கிலத்தில் நிக் என்றால் சின்ன வெட்டுக்காயம். ரேசர் டப்பாவில் வெட்டுக்காயம் என்று இருந்தால் யார் வாங்குவார்கள்?

முதல் வருடம் 51தான்!

1901ல் கம்பெனி பிறந்தது. அடுத்த வருடமே கையில் இருந்த பணம் தீர்ந்து கடன் ஏறியது. பாஸ்டனைச் சேர்ந்த ஜான் ஜாய்ஸ் என்ற பணக்காரர் பணம் போட்டுத் தூக்கிவிட்டார். 1903ல் விற்பனை ஆரம்பம். அந்த வருடம் முழுக்க விற்றது எவ்வளவு தெரியுமா? 51 ரேசர்கள், 168 பிளேடுகள். அவ்வளவுதான்!

ஜில்லெட் அப்போதும் மூடிக் கம்பெனி வேலையை விட்டுவிடவில்லை. 1904ல் அந்த வேலைக்காகக் குடும்பத்தோடு லண்டனுக்குப் போகவேண்டி வந்தது. தான் பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்திருக்கும், பாவம்! ஆனால், அதே வருடம் விற்பனை கிடுகிடுவென்று ஏறி 90 ஆயிரம் ரேசர்களைத் தாண்டியது. 1904 நவம்பர் 15ல் காப்புரிமையும் கிடைத்தது. ஜில்லெட் அமெரிக்கா திரும்பி, கம்பெனியில் தனக்குரிய இடத்தைப் பிடித்தார்.

ஒவ்வொரு பிளேடு உறையிலும் அவர் முகத்தையும் கையெழுத்தையும் அச்சடித்தார்கள். போலிகளைக் கண்டுபிடிக்க அது அடையாளம். உலகம் முழுக்க அந்த முகம் பிரபலமாகிவிட்டது. அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சவரப் பிளேடு கண்டுபிடித்தவருக்கு அடர்த்தியான மீசை!

ஏழைக்கு எட்டாத ரேசர்!

அந்த ரேசர் விலை என்ன தெரியுமா? 20 பிளேடுகளோடு 5 டாலர். அன்று அமெரிக்கத் தொழிலாளி ஒருவர் வாங்கிய வாரக் கூலியில் ஏறக்குறைய பாதி! எனவே, ஆரம்பத்தில் வசதியானவர்களே அதை வாங்கினார்கள். சிக்கனக்காரர்கள் வாங்கினாலும் பிளேடை எறிய மனம் வராமல், கண்ணாடி டம்ளரின் உள்பக்கம் தேய்த்துத் தேய்த்து மறுபடியும் பயன்படுத்தினார்கள்.

ரேசரைச் சும்மா கொடுத்து, பிளேடில் காசு பார்த்தவர் ஜில்லெட் என்று பலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. காப்புரிமை இருந்த வரை அவர் கம்பெனி ரேசரைக் குறைந்த விலைக்குக் கொடுக்கவே இல்லை. 1921ல் காப்புரிமைக் காலம் முடிந்தது. இனி யார் வேண்டுமானாலும் அதுபோலச் செய்யலாம் என்ற நிலை வந்தபோதுதான், பழைய மாதிரி ரேசரை 1 டாலருக்கு விற்றார்கள். போட்டி வந்தால் விலை இறங்கும் என்பது புரிகிறதா?

அதற்கு முன்பே இன்னொரு காரணத்தால் ரேசர் லட்சக்கணக்கான சாமானியர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அது முதல் உலகப் போர். 1917ல் அமெரிக்கா போரில் இறங்கியது. எதிரிகள் விஷப்புகை விட்டார்கள். அதிலிருந்து தப்பிக்க முகமூடி போட்டால், அது முகத்தோடு ஒட்டி உட்காரவேண்டும். தாடி இருந்தால் இடுக்கு வழியாகப் புகை நுழைந்துவிடும். சவரம் என்பது உயிர் காக்கிற காரியம் ஆகிவிட்டது! அமெரிக்க அரசு 35 லட்சம் ரேசர்களையும், 3 கோடிக்கும் மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கிப் படைவீரர்களுக்குக் கொடுத்தது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கொண்டு போனார்கள்.

விற்காமல் போன கனவு!

ஜில்லெட்டின் மனதுக்குள் பிளேடை விடப் பெரிய கனவு ஒன்று இருந்தது. பிளேடு யோசனை வருவதற்கு முன்பே, 1894ல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மக்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவதால்தான் வறுமையும் வீண் செலவும் வருகிறது; எல்லாத் தொழிலையும் மக்களே சேர்ந்து ஒரே நிறுவனமாக நடத்தவேண்டும் என்றார். நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் மெட்ரோபொலிஸ் என்று ஒரு மாநகரம் கட்டவேண்டும். அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கவேண்டும். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் அங்கேயே வாழவேண்டும் என்று வரைபடமெல்லாம் போட்டார்.

1910ல் உலக நிறுவனம் என்று ஒன்றைப் பதிவு செய்தார். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டைத் தலைவராக வரச்சொல்லி, 10 லட்சம் டாலர் தருவதாக அழைத்தார். ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். அந்த நகரம் கடைசிவரை காகிதத்திலேயே இருந்துவிட்டது.

பாருங்கள், போட்டியே கூடாது என்று எழுதியவர், போட்டியில்லாத காப்புரிமையால் பணக்காரர் ஆனார். வீண் கூடாது என்றவர், தூக்கி எறிகிற பொருளால் புகழ் பெற்றார். மனிதர்கள் சில நேரம் இப்படித்தான். சொல் ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம்!

கடைசிக் காலம்!

வயதான பிறகு கலிபோர்னியாவில் நிலம் வாங்கி, பெரிய பண்ணை வீடு கட்டினார் ஜில்லெட். 1929ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அவருடைய சொத்தின் பெரும்பகுதி கரைந்தது. 1930ல் அவர் கம்பெனி, ஹென்றி கெய்ஸ்மன் என்பவரின் போட்டிக் கம்பெனியோடு இணைய நேர்ந்தது. அப்போதுதான் லாபத்தைக் கூட்டிக் காட்டிக் கணக்கு எழுதியிருந்தது வெளியே வந்தது. 1931ல் ஜில்லெட் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1932 ஜூலை 9ம் தேதி, 77ம் வயதில் காலமானார். கோடிக்கணக்கான உறைகளில் முகம் இருந்த மனிதரிடம், கடைசியில் பழைய செல்வம் இல்லை.

ஆனால், அவருடைய பிளேடு நின்றுவிட்டது. முதலில் அதில் மூன்று வட்ட ஓட்டைகள் இருந்தன. இன்று நாம் பார்க்கிற நீளமான துவாரம் 1930 வாக்கில் வந்தது. மற்றபடி அதே பிளேடுதான். அன்று வாரக் கூலியில் பாதியை விழுங்கிய சவரம், இன்று சில ரூபாயில் முடிந்துவிடுகிறது. நம் ஊர் சலூன்களில் ஒரு பிளேடை இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் செருகிச் சவரம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பழைய சவரக் கத்தியும், ஜில்லெட்டின் பிளேடும் கைகுலுக்கிக்கொண்ட இடம் அது! ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போடக்கூடாது. ரத்தத்தின் வழியே நோய் பரவும். அப்பா சலூனுக்குப் போகும்போது புது பிளேடு போடச் சொல்லி ஞாபகப்படுத்துங்கள்.

அண்ணாவுக்குச் சொல்லுங்கள்!

மீசை முளைக்கிற அண்ணா வீட்டில் இருக்கிறாரா? விலை உயர்ந்த சாமான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாரா? இதைப் படித்துக் காட்டுங்கள்.

* பழைய பாணி ரேசர் ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும். மாற்றவேண்டியது பிளேடு மட்டும்தான்.

* ஒரு ஷேவிங் சோப்பு, ஒரு பிரஷ் போதும். டப்பா நுரை தேவையில்லை.

* முதலில் முகத்தை வெதுவெதுப்பான நீரில் நன்றாக நனைக்கவேண்டும். தண்ணீரில் ஊறிய முடி மிருதுவாகி, சுலபமாக வெட்டுப்படும். இதற்குச் செலவே இல்லை!

* முடி வளர்கிற திசையிலேயே, அழுத்தாமல் இழுக்கவேண்டும். அழுத்தினால் காயம்தான்.

* பிளேடு முடியைப் பிடித்து இழுத்தால் மாற்றிவிடவேண்டும். பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடக்கூடாது. குப்பை அள்ளுகிற அண்ணன், அக்காக்களின் கையை அது கிழித்துவிடும். ஒரு பழைய தகர டப்பாவில் சேர்த்து, நன்றாக மூடி, பிளேடு என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.

குட்டீஸ், நீங்கள் பிளேடைத் தொடவே கூடாது. பென்சில் சீவ ஷார்ப்னர் இருக்கிறது, சரியா?

தினமும் நம்மைத் தொல்லைப்படுத்துகிற சின்ன விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. திறக்க வராத டிபன் பாக்ஸ், அறுந்து போகிற பை வார், ஒழுகுகிற தண்ணீர் பாட்டில்... முகம் சுளித்துவிட்டு நாம் போய்விடுகிறோம். ஜில்லெட் ஒருநாள் அப்படிப் போகாமல் நின்று யோசித்தார். முடியாதபோது, தெரிந்தவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

நாளைக் காலை உங்கள் டிபன் பாக்ஸ் திறக்காவிட்டால் கோபப்படாதீர்கள். ஏன் திறக்கவில்லை என்று ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். யார் கண்டது!